புதுப்பிப்பு: கேமரா பொருந்திவிட்டது, சென்சார் அகலம்தான் காரணம்
அன்ரியல் என்ற 3டி மென்பொருளில் செய்த கேமரா அசைவை எஃப்பிஎக்ஸ் (3டி தரவைப் பரிமாறும் கோப்பு வடிவம்) வழியாக பிளெண்டர் என்ற இன்னொரு 3டி மென்பொருளுக்குக் கொண்டுவந்து, அங்கே நான் போட்ட புதுக் கேமராவுக்கு மாற்றினால் காட்சி அகலமாகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பிடிபட்டுவிட்டது! இரண்டிலும் லென்ஸ் 35 மிமீதான். ஆனால் அன்ரியல் கேமராவின் சென்சார் அகலம் (படம் பதியும் பரப்பின் அகலம்) 23.76 மிமீ, என் பிளெண்டர் கேமராவில் 36 மிமீ. அதனால் பார்வைக் கோணம் சுமார் 37.5 பாகைக்குப் பதில் 54.4 ஆகிவிட்டது. 23.76 என்று மாற்றியதும் கதவு நிலையின் விளிம்பு இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. அவ்வளவு நிம்மதி.

அப்புறம், அன்ரியலில் கேமராவை அதைத் தூக்கி நகர்த்தும் மெய்நிகர் கிரேனோடு இணைத்திருந்தால் ஏற்றுமதிக்கு முன் சீக்வென்சரில் (அசைவுகளைக் காலவரிசையில் அமைக்கும் பகுதி) அசைவை ‘பேக்’ செய்துவிடுங்கள். கிரேனின் அசைவும் கேமராவின் கீஃபிரேம்களிலேயே (எந்த நேரத்தில் எந்த நிலை என்று குறிக்கும் புள்ளிகள்) பதிந்துவிடும். சென்சாரைச் சரிபார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.