மகளின் எச்.பி.வி. ஊசி தள்ளிப்போய்விட்டது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறோம், மகளுக்கு 12 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தடுக்கிற ஊசியில் முதலாவதைப் போன ஆவணியில் போட்டோம். அடுத்தது ஆறு மாதம் கழித்து, மாசியில் என்றார் டாக்டர். நடுவில் அவளுக்கு அம்மை, அப்புறம் முழு ஆண்டுத் தேர்வு. இப்போது வைகாசி. கார்டில் பென்சிலால் எழுதிய தேதி மட்டும் அப்படியே நிற்கிறது.

நேற்று ஒரு கிளினிக்கில் கேட்டால், முதலிலிருந்து போட வேண்டும் என்கிறார்கள். நான் படித்தவரை விட்ட ஊசியைப் போட்டாலே போதும். இந்த வயதில் ஒரே ஊசிகூடப் போடலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. குழந்தைநல டாக்டர்கள், நர்ஸ் அக்காக்கள் யாராவது உறுதிப்படுத்துவீர்களா?

அடுத்த சிக்கல் மாமியார். “கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் கர்ப்பப்பை ஊசி எதுக்கு?” என்கிறார். அவருடைய சொந்தத் தங்கையே கருப்பைவாய்ப் புற்றுநோயில் போனவர்! வைரஸ் தொற்றும் முன்னே போட்டால்தான் முழுப் பலன் என்றேன். பிறந்ததும் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியும் ஈரல் புற்றைத் தடுப்பதுதான், 1984இல் தைவானில் தொடங்கி அங்கே பிள்ளைகளிடம் அந்தப் புற்று நன்றாகக் குறைந்தது என்றும் சொன்னேன். “அது தைவான்” என்று முடித்துவிட்டார். வயதானவர்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் டாக்டர் பேசிய வீடியோ இருந்தால் அனுப்புங்கள்.

அப்படியே, செர்வாவேக் என்ற எச்.பி.வி. ஊசி மதுரையில் விலை குறைவாக எங்கே கிடைக்கிறது? முதலில் போட்டதும் அதுதான். பள்ளி திறப்பதற்குள் போட்டுவிடப் பார்க்கிறேன்.