புதுப்பிப்பு: பட்டம் விடும், இறகுப்பந்தை உதைத்து விளையாடும் சீனப் பிள்ளைகள் உள்ள வெள்ளி நாணயங்கள்

கைக்கு வந்த இரண்டு வண்ண நாணயங்களும் எந்த வரிசை, வெள்ளி அசல்தானா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இவை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காகச் சீனா வெளியிட்ட 10 யுவான் வெள்ளி நாணயங்கள். முதல் தொகுதி முழுக்கச் சிறுவர் விளையாட்டுகள்தான்: பட்டம் விடுதல், இறகுப்பந்தைக் காலால் உதைத்தல், இரும்பு வளையம் உருட்டுதல், பச்சைக்குதிரை தாண்டுதல். மறுபக்கம் ஒலிம்பிக் சின்னம்.

அசலா என்று பார்க்க முதலில் எடை போட்டேன். 31.1 கிராம், அதாவது ஒரு டிராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளி நிறுக்கும் அவுன்ஸ்). குறுக்களவு 40 மி.மீ. அப்புறம் தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, நாணயத்தை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முக்கினேன். தராசு ஏறக்குறைய 3 கிராம் கூடுதலாகக் காட்டியது. அது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை; 31.1-ஐ அதால் வகுத்தால் வெள்ளியின் அடர்த்திக்குச் சரியாக வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இறகுப்பந்து நாணயம். அந்தக் காலத்தில் நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக்காசில் இறகைச் செருகித்தான் அந்தப் பந்தையே செய்வார்கள். காசை உதைத்து ஆடிய விளையாட்டு இப்போது காசின் மேலேயே ஏறியிருக்கிறது!

வெள்ளி பாலிஷ் போடச் சொன்னவர்களுக்கு: வண்ணம் உரிந்துவிடும், தேய்க்கவே மாட்டேன். வளையம் உருட்டும் நாணயம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.