சபை அலமாரிக்கு வந்த கிறிஸ்தவப் புத்தகங்கள்: எதை வைப்பது, எதை விடுவது?

பாகான் வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் எங்கள் சபையில் நூலகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. போன மாதம் ஓர் அம்மா, காலமான தன் கணவரின் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அந்த அங்கிள் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளே கதி என்று கிடந்தவர். போதகர் ஐயா, "நீதானே நிறையப் படிப்பாய், பார்த்துப் பிரித்து வை" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

திறந்து பார்த்தால் எல்லாம் கலந்து கிடக்கிறது. தமிழில் பழைய 'மோட்சப் பிரயாணம்'. ஆங்கிலத்தில் 'தி ஹைடிங் பிளேஸ்', 'தி ஷேக்', 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசையில் பாதி. கார் விபத்தில் அடிபட்டு மோட்சம் போய்த் திரும்பிய பையனின் கதை. அட்டையில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண் கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அமிஷ் (அமெரிக்காவில் பழைய முறையிலேயே தனித்து வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) காதல் நாவல்கள் ஒரு குவியல். ஆசீர்வாதம், செழிப்பு என்று ஊழியக்காரர்கள் எழுதிய மெல்லிய தமிழ்ப் புத்தகங்கள் இன்னொரு குவியல்.

"கிறிஸ்தவப் புத்தகம்தானே, எல்லாவற்றையும் வை" என்கிறது ஒரு கட்சி. "வேதம் இருக்கும்போது கதைப் புத்தகம் எதற்கு" என்கிறது இன்னொரு கட்சி. பாட்டிமாரும் எடுப்பார்கள், வாலிபப் பிள்ளைகளும் எடுப்பார்கள். நாவலையும் ஊழியப் புத்தகத்தையும் ஒரே கண்ணால் பார்க்கலாமா? நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியார்:

தங்கச்சி, நல்லது கெட்டது என்று பிரிக்கத் தொடங்காதீர்கள். "இது நடந்தது" என்று சொல்கிற புத்தகங்களை ஒரு பக்கம் வையுங்கள். "இப்படி நடந்ததாக வைத்துக்கொள்" என்று சொல்கிறவற்றை இன்னொரு பக்கம். முதல் வகையிடம் ஆதாரம் கேட்க வேண்டும். இரண்டாம் வகையிடம் ஆதாரம் கேட்பது வீண், அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு.

மோட்சம் போன பையனை முதலில் எடுத்துக்கொள்வோம். விபத்து நடந்தது 2004-ல். புத்தகம் வந்தது 2010-ல், அப்பா, மகன் இருவர் பெயரிலும். அமோகமாக விற்றது. 2015 ஜனவரியில் அந்தப் பையனே பகிரங்கக் கடிதம் எழுதி, தான் சாகவும் இல்லை, மோட்சம் போகவும் இல்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னது அது என்று அறிவித்துவிட்டான். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால் சௌராஸ்தா மாடியில் கிடக்கும் பிரதியை யார் திரும்பப் பெறுவது? பழைய புத்தகத்தில் இது ஒரு சிக்கல். வெளியான பிறகு அதற்கு என்ன ஆனது என்பது உள்ளே இருக்காது. அதனால் "உண்மைச் சம்பவம்" என்று அட்டையில் பார்த்தால், அலமாரியில் வைப்பதற்கு முன் போனில் தலைப்பைத் தட்டிப் பாருங்கள். குடல்வால் வெடித்து ஆபரேஷன் மேசையில் மோட்சம் பார்த்த சிறுவன் என்று இன்னொரு புத்தகம் அதே 2010-ல் வந்தது. அது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது 'தி ஹைடிங் பிளேஸ்'. இதுவும் சாட்சிதான், அதாவது தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிற புத்தகம். கோரி டென் பூம் 1971-ல் ஷெரில் தம்பதியோடு சேர்ந்து எழுதியது. ஹாலந்தில் ஹார்லெம் நகரத்துக் கடிகாரக்கடைக் குடும்பம், நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறது. 1944 பிப்ரவரியில் பிடிபடுகிறார்கள். அந்த வீடு இன்றைக்கும் அருங்காட்சியகமாக நிற்கிறது. யூதப் படுகொலையில் இறந்தவர்களுக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாட் வாஷெம் 1967-லேயே, அதாவது புத்தகம் வருவதற்கு முன்பே, கோரியை கௌரவித்திருக்கிறது. போய்ப் பார்க்க வீடு இருக்கிறது, மற்றவர்கள் வைத்த பதிவும் இருக்கிறது.

ஆதாரம் ஒரு புறம் இருக்கட்டும். அதில் யார் சாகிறார்கள் என்று பாருங்கள். வயதான அப்பா பிடிபட்ட பத்தாம் நாள் சிறையில் சாகிறார். அக்கா பெட்சி ராவன்ஸ்புரூக் முகாமில் சாகிறாள். முகாம் கொட்டகையில் தெள்ளுப்பூச்சி மொய்க்கிறது. அதற்காகவும் தேவனுக்கு நன்றி சொல் என்கிறாள் பெட்சி, கோரிக்கு எரிச்சல் வருகிறது. பிறகுதான் தெரிகிறது, அந்தப் பூச்சிக்குப் பயந்தே காவலர்கள் உள்ளே வருவதில்லை, அதனால்தான் அவர்களால் வேதம் வாசிக்க முடிந்தது. ஆனாலும் பெட்சி பிழைக்கவில்லை. ஜெபித்தும் கிடைக்காமல் போனதை எழுதி வைக்கிற சாட்சியை நான் நம்புவேன். எல்லா ஜெபத்துக்கும் அடுத்த பக்கத்திலேயே பதில் வந்துவிடுகிற சாட்சியை எடுத்தால் கொஞ்சம் நிதானிப்பேன்.

செழிப்புப் புத்தகங்களுக்கு ஒரே வேலைதான். எந்த வசனத்தை மேற்கோள் காட்டுகிறார்களோ, அந்த அதிகாரம் முழுவதையும் வேதத்தில் எடுத்து வாசியுங்கள். அவர்களுக்குப் பிடித்தது மூன்றாம் யோவான் 2. எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன் என்று வரும். அது யோவான் தன் நண்பர் காயுவுக்குக் கடிதம் தொடங்கும்போது எழுதிய நலம் விசாரிப்பு. அதில் தேவன் பணம் தருவதாக ஒப்பந்தம் ஏதும் போடவில்லை. எரேமியா 29:11-ம் அப்படித்தான். சமாதானத்துக்கான நினைவுகள் என்று காலண்டரில் எல்லாம் போடுவார்கள். முந்தின வசனத்தில், சிறைபிடிக்கப்பட்டுப் போன யூதர்களுக்குப் பாபிலோனில் எழுபது வருஷம் முடிய வேண்டும் என்று இருக்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்புவதற்குள் கிழவராகியிருப்பார்கள் அல்லது செத்திருப்பார்கள். அந்த எழுபது வருஷத்தைச் சொல்லாமல் பதினோராம் வசனத்தை மட்டும் சொல்கிற புத்தகத்தை நான் அலமாரியில் வைக்க மாட்டேன்.

நாவல்கள் பற்றி அப்புறம் எழுதுகிறேன். பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும்.

சுங்கை டுவா அம்மா:

வாத்தியார் ஐயா சொல்வது சரிதான். ஆனால் 'தி ஷேக்' பற்றி நீங்கள் ஏதாவது ஆரம்பிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போனபோது, தம்பி மனைவி சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். யாரோ ஆபீஸ் தோழி அந்த நாவலைக் கொடுத்தாள். அதில் மகளைக் கொலையில் பறிகொடுத்த அப்பா கடவுளிடம் நேரடியாகச் சண்டை போடுகிறார். வேதத்தில் சங்கீதப் புத்தகத்திலேயே இது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அப்போது அவளுக்கு வேதத்தைத் திறக்க மனம் வரவில்லை, கதையைத் திறக்க வந்தது. எனக்கு இறையியல் தெரியாது. அவள் மறுபடியும் என்னோடு பேசத் தொடங்கினாள், அதுதான் தெரியும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியார்:

அம்மா, இதை வைத்துக்கொண்டு உங்களோடு வாதாட மாட்டேன். துக்கத்தில் இருப்பவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குகிறவன் வாத்தியாராக இருக்கவே லாயக்கில்லை.

ஆனால் தங்கச்சி அலமாரியில் வைக்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை உண்டு. வில்லியம் பால் யங் அதைத் தன் பிள்ளைகளுக்காக எழுதினார். பதிப்பகங்கள் வேண்டாம் என்றதால் நண்பர்களே சிறு பதிப்பகம் தொடங்கி 2007-ல் போட்டார்கள், கோடிக்கணக்கில் விற்றது. பிதா அதில் பெரும்பாலும் ஒரு கறுப்பினப் பெண்ணாக வருகிறார். திரித்துவத்தையும் நியாயத்தீர்ப்பையும் அது குழப்புகிறது என்று இறையியலாளர்கள் பலர் கண்டித்தார்கள். என் குறை வேறு. மகளை இழக்கும் பகுதி நாவல். அந்த அப்பா கடவுளைச் சந்திக்கிற குடிசைக்குள் போனதும் கதை நின்றுவிடுகிறது, பக்கம் பக்கமாகக் கேள்வி பதில். கதை நின்று போதனை தொடங்குகிற இடத்தில் நாமும் தராசை மாற்ற வேண்டும். "கதைதானே" என்ற சலுகை அந்தப் பக்கங்களுக்குக் கிடையாது. செழிப்புப் புத்தகத்தின் வசனங்களைச் சோதித்தது போலவே அவற்றையும் சோதியுங்கள்.

கதை கதையாகவே இருக்கும் இடத்தில் நான் பார்ப்பது ஒன்றுதான்: விசுவாசிக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறதா? கிறிஸ்தவ நாவல்களில் அவிசுவாசி என்றால் பாதி இடங்களில் குடிகாரன், மீதி இடங்களில் மடையன், கடைசி அத்தியாயத்தில் முழங்காலில் நிற்பான். அவனுக்கு ஒரு நல்ல கேள்வியாவது கேட்க அனுமதி உண்டா என்று பாருங்கள். மோட்சப் பிரயாணத்தை எடுங்கள். ஜான் பனியன் அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு வருஷம் கிடந்தவர். 1678-ல் வந்த அந்தப் புத்தகத்தில் கதாநாயகன் முதலில் சேற்றில் அமிழ்கிறான், பாதி வழியில் சந்தேகக் கோட்டையில் அடைபடுகிறான், கூட வந்த நண்பன் சந்தையில் கொல்லப்படுகிறான். முடிவிலும், மோட்ச வாசல் வரை வந்த ஒருவன் நரகத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறான். வாசகனைத் தடவிக்கொடுக்கிற புத்தகம் அல்ல அது. அதைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். பிரதி கிடைத்தால் பாட்டிமாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வைணவராகப் பிறந்து கம்பனில் ஊறியவர், காதுக்கே விருந்து.

அமிஷ் நாவல்களா? அவற்றில் பெரும்பாலானவை அமிஷ்காரர்கள் எழுதியவை அல்ல, வெளியே இருந்து பார்த்து எழுதியவை. காதல் கதை என்று படித்துவிட்டுப் போகலாம், தீங்கில்லை. அவற்றை வைத்து ஒரு மக்களைத் தெரிந்துகொண்டோம் என்று நினைக்காமல் இருந்தால் சரி.

செந்தூல் தம்பி:

'லெஃப்ட் பிஹைண்ட்' அனுபவம் சொல்கிறேன். ஃபார்ம் த்ரீ படிக்கும்போது எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் அது கை மாறிக் கை மாறிச் சுற்றியது. விசுவாசிகள் எல்லாரும் ஒரே நொடியில் மறைந்துவிடுவார்கள், உடுத்திய துணி மட்டும் கிடக்கும். ஒரு நாள் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருக்கிறது, விசிறி சுற்றுகிறது, ஆள் இல்லை. சரி, எல்லாரும் போய்விட்டார்கள், நான் மட்டும் செந்தூலில் மாட்டிக்கொண்டேன் என்று முடிவே செய்துவிட்டேன். அம்மா பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் பழைய லூத்தரன். "அப்படி ஒரு ரகசிய வருகை எங்கள் உபதேசத்திலேயே இல்லையே" என்றார். பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த விளக்கத்தைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர். 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை வீடு வீடாகக் கொண்டுபோயின. 1995-ல் தொடங்கிய இந்த நாவல்கள் அந்த ஒரு விளக்கத்தின் மேல் எழுதப்பட்டவை. கத்தோலிக்கர் அதை ஏற்பதில்லை, லூத்தரன்களும் இல்லை. நாவலில் அது "ஒரு கருத்து" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், விமானம் விழும், கார் மோதும், நமக்கு யோசிக்க நேரம் இருக்காது. வையுங்கள் அக்கா, விறுவிறுப்பான கதைதான். உள்ளட்டையில் நாலு வரி எழுதி ஒட்டிவிடுங்கள்.

சவேரியார் பங்குக்காரன்:

நான் கத்தோலிக்கன், பினாங்குதான். எங்கள் பக்கத்துப் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்தின் பின்னால் 'நிஹில் ஒப்ஸ்டாட்', 'இம்ப்ரிமாட்டூர்' என்று இருந்தால் ஆயர் தரப்பில் பார்த்துவிட்டார்கள், விசுவாசத்துக்கு முரணானது இல்லை என்று பொருள். அவ்வளவுதான். ஆயர் அதில் உள்ளதெல்லாம் சரி என்கிறார் என்றோ, புத்தகம் நன்றாக இருக்கிறது என்றோ பொருள் இல்லை. நன்றாக இல்லாத எத்தனையோ புத்தகம் அந்த முத்திரையோடு என் வீட்டிலேயே இருக்கிறது.

வாத்தியார் சொன்ன இரண்டு குவியலுக்கு எங்களிடம் ஒரு நல்ல உதாரணம் உண்டு. மரியா வால்டோர்ட்டா என்ற இத்தாலியப் பெண்மணி, இயேசுவின் வாழ்க்கையைத் தரிசனமாகக் கண்டேன் என்று பல பாகங்களாக எழுதினார். 1959 டிசம்பரில் வத்திக்கான் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதை அறிவித்தபோது வத்திக்கான் நாளிதழ் போட்ட தலைப்பு, மோசமாக நாவலாக்கப்பட்ட இயேசுவின் வாழ்க்கை என்கிற தொனியில் இருந்தது. அந்தத் தடைப் பட்டியலே 1966-ல் கைவிடப்பட்டுவிட்டது, புத்தகம் இன்னும் சுற்றுகிறது. கற்பனை என்று படிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. சுவிசேஷத்தில் விட்டுப்போனதை இது நிரப்புகிறது என்று நம்புகிறவரிடம்தான் எங்கள் பங்கில் சண்டை வருகிறது.

பாகான் வாசகி:

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குப் பெட்டியின் அடியில், கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடிப் பேசியும் எழுதியும் பேர்பெற்ற ரவி ஸகரியாஸ் புத்தகங்களும் அகப்பட்டன. இவற்றை என்ன செய்வது?

இன்னொன்று. செழிப்புக் குவியலில் ஒரு புத்தகம் எங்கள் சபை மூப்பர் ஒருவரே எழுதி, சொந்தக் காசில் அச்சடித்தது. மூன்றாம் யோவானும் இருக்கிறது, எழுபது வருஷம் இல்லாத எரேமியாவும் இருக்கிறது. ஞாயிறு அன்று அலமாரிக்குப் பக்கத்தில்தான் அவர் தேநீர் குடிப்பார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாத்தியார்:

ரவி ஸகரியாஸ் சென்னையில் பிறந்தவர் என்று நம்மவர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம். 2020-ல் காலமானார். மறு வருஷம் பிப்ரவரியில், அவருடைய அமைப்பே ஏற்பாடு செய்த வழக்கறிஞர் விசாரணை, அவர் பெண்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை உறுதிசெய்தது. வாதம் சரியென்றால் யார் சொன்னாலும் சரிதானே என்று சிலர் கேட்பார்கள். தனியாகப் படிக்கிறவர் அப்படிப் படிக்கட்டும். சபை அலமாரி என்பது பரிந்துரை. அதே மாதிரி அனுபவித்த ஒரு பெண் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கக்கூடும். நான் எடுத்துவிடுவேன்.

மூப்பர் புத்தகத்தைப் போதகரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், அந்த முடிவு உங்களுடையது அல்ல. அவர் வைக்கச் சொன்னால் வையுங்கள். மேல்தட்டில் ஒரு வேதாகமத்தையும் வையுங்கள், எரேமியா 29-ல் நாடா போட்டு.

சுங்கை டுவா அம்மா:

அமிஷ் நாவல்கள் இடம் பிடித்தால் சொல்லுங்கள், ஞாயிறு மாலை என் மகன் காரில் வந்து எடுத்துக்கொள்கிறேன். படித்துவிட்டுத் திருப்பித் தருவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.