பரம் வீர் சக்ராவா, பரமவீரச் சக்கரமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்தியாவின் மிக உயர்ந்த படைத்துறை வீர விருதான பரம் வீர் சக்ராவைத் தமிழில் “பெருமறவர் ஆழி” என்று சொல்லலாம் என்ற பரிந்துரையைப் படித்ததும் காது இனித்தது உண்மை. இருந்தாலும் அதை ஏற்க முடியவில்லை. ஒரு நாடு ஒரு பதக்கத்துக்குச் சூட்டிய பெயரை மொழிபெயர்ப்பது, சுந்தரத்தை அழகன் என்று கூப்பிடுவது போலத்தான். ஆனால் பெயரை மொழிபெயர்க்காமல் இருப்பது வேறு, “பரம் வீர் சக்ரா” என்று எழுதுவது வேறு. என் வழக்கு இரண்டாவதோடுதான்.

இந்தியில் சொல்லின் கடைசி அகரம் உச்சரிப்பில் உதிர்ந்துவிடும். பரம என்பது பரம் ஆகும், வீர என்பது வீர் ஆகும். சக்ர என்பதில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதால் அகரம் தங்கிவிடுகிறது. அந்தக் குறில் ஆங்கில எழுத்து வழியாக நம்மிடம் வந்து சேரும்போது நெடிலாகி, சக்ரா என்று நிற்கிறது. யோகம் யோகா ஆன அதே கதை. ஆக, முதல் இரண்டு சொற்களின் வாலை அறுத்து, மூன்றாவதற்கு நீளமாக ஒட்டியிருக்கிறோம். மூன்றுமே நமக்குப் பழகிய சொற்கள். பரம ஏழை, பரம சாது, பரம ரகசியம் என்று நாள்தோறும் பேசுகிறவர்கள் நாம்.

1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இந்திய அமைதிப்படையில் போரிட்டு இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இந்த விருது வழங்கப்பட்டது. (அந்தப் போரைப் பற்றி நம்மவரிடையே உள்ள மாறுபட்ட நினைவுகள் வேறோர் இழைக்கு உரியவை.) “பரமேஸ்வரன் பரம் வீர் சக்ரா பெற்றார்” என்று எழுதிப் பாருங்கள். ஒரே சொல், ஒரே வரியில், ஒரு முறை தமிழாகவும் ஒரு முறை இந்தியாகவும் வருகிறது. பாரத ரத்னாவைப் பெரும்பாலோர் “பாரத் ரத்னா” என்று எழுதுவதில்லை. அங்கே கைகூடிய பாதித் திருத்தம் இங்கே ஏன் கைகூடவில்லை?

சொற்களைப் பிரித்து எழுதுவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. வீர, மகாவீர, பரமவீர என்று படி ஏறுகிற பெயர்கள் இவை. பரம என்பது வீரரைச் சிறப்பிக்கிறது, சக்கரத்தை அல்ல. வீரருள் தலையாயவருக்கான சக்கரம் என்பதே பொருள். மூன்று துண்டாக எழுதினால் இந்த உறவு தெரிவதில்லை. வீரச்சாவு, வீரச்செயல் என்று ஒற்று மிகுவதால், பரமவீரச் சக்கரம் என்பதே என் தேர்வு.

“அந்தப் பதக்கத்தில் சக்கரமே பெரிதாகத் தெரியவில்லையே” என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். சாவித்திரி கானோல்கர் வடிவமைத்த அந்த வெண்கல வட்டின் நடுவில் நாட்டுச் சின்னமும் அதைச் சுற்றி நான்கு வச்சிராயுதங்களும்தான் உள்ளன. வட்டையே சக்கரம் என்று கொள்வதில் தமிழருக்கு என்ன தடை? திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தபோது நாகர்கோவில் கடைத்தெருவில் புழங்கிய காசின் பெயரே சக்கரம்.

மொழிபெயர்க்க வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் வேறொன்று. இன்னொரு வீர விருதான அசோகச் சக்கரம் 1952இல் மூன்று வகுப்புகளாகத் தொடங்கியது. 1967இல் இரண்டாம் வகுப்பு கீர்த்தி என்றும், மூன்றாம் வகுப்பு சௌர்ய என்றும் பெயர் மாறின. சௌர்யம் என்றாலும் வீரம்தானே? மொழிபெயர்க்கத் தொடங்கினால் வீர் சக்ரா, சௌர்ய சக்ரா இரண்டுமே “வீரச் சக்கரம்” ஆகிவிடும். இரண்டும் வெவ்வேறு வரிசையைச் சேர்ந்தவை.

உண்மையில் புதுச்சொல் தேவைப்படுவது அந்த வரிசைகளுக்குத்தான். இதழ்களில் போர்க்கால விருது, அமைதிக்கால விருது என்று எழுதுகிறார்கள். 2014இல் காஷ்மீரின் சோபியானில் துப்பாக்கிச் சண்டையில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு வழங்கியது அசோகச் சக்கரம். அது “அமைதிக்கால” விருதாம். 2020இல் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு மோதி இறந்த ராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்குக் கிடைத்தது வீரச் சக்கரம். அப்போது யாரும் போர் அறிவிக்கவில்லை. விதி பார்ப்பது காலத்தை அல்ல, எதிரியின் நேர்முன் செய்த செயலா என்பதை. குறளில் “முனைமுகத்து” என்று ஒரு சொல் வருகிறது, போர்முனையில் என்ற பொருளில். அதை எடுத்து, பரமவீர, மகாவீர, வீர மூன்றையும் முனைமுக விருதுகள் என்கிறேன். அசோக, கீர்த்தி, சௌர்ய மூன்றும் முனைசாரா விருதுகள். அரசுசாரா என்பது பழகிவிட்டதால் இதுவும் உறுத்தாது. 1986இல் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காத்து இறந்து, அசோகச் சக்கரம் பெற்ற பணிப்பெண் நீர்ஜா பனோட்டும் இந்தப் பிரிவில் இயல்பாக அடங்குவார். “அமைதிக்காலம்” என்று சொல்லி அவரைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

பெயருக்குப் பின்னால் போடும் சுருக்கத்தை ஆங்கில எழுத்தொலியில் “பி.வி.சி.” என்று எழுதாதீர்கள். நம் ஊரில் அது தண்ணீர்க் குழாய். ப.வீ.ச. போதும்.

சௌர்ய என்பதைச் “சௌரிய” என்று எழுதலாமா என்ற கேள்வி மீதமிருக்கிறது. இலக்கணப்படி தவறில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சௌரியம் என்றால் சௌகரியம். உயிரைப் பணயம் வைத்தவருக்குச் “சௌரியச் சக்கரம்” என்று எழுதினால், சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டிக் கொடுத்தது போல் கேட்கும். ஆகவே அங்கே மட்டும் ர்ய இருக்கட்டும்.