எந்த எலிமெண்டரி ஸ்கூல்? ஃப்ரீமாண்ட் பெற்றோர் அனுபவங்கள்

நாலாம் வகுப்பு அம்மா:
கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் பக்கம் வீடு தேடும் நம் ஆட்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பே "ஸ்கூல் ரேட்டிங் எத்தனை?" என்றுதான் கேட்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தேடினோம். மிஷன் சான் ஹோசே பக்கம் போனால் பத்துக்குப் பத்து என்றார்கள். அந்தப் பத்துக்கும் சேர்த்து வாடகையில் வசூலித்துவிடுகிறார்கள்! கட்டுப்படியாகாமல் சென்டர்வில் பக்கம் அபார்ட்மெண்ட் எடுத்தோம். ரேட்டிங் சுமார்தான். பையன் இப்போது நாலாவது படிக்கிறான், எனக்குக் குறையில்லை.

அந்த ரேட்டிங் எங்கிருந்து வருகிறது என்று அப்புறம்தான் தோண்டிப் பார்த்தேன். பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண். அந்தத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. கிண்டர் (கிண்டர்கார்டன்), ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குக் கிடையாது. ஆக, நம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தரப் போகிற டீச்சரைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை. ஒரே பள்ளி மாவட்டத்துக்குள் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) பாடத்திட்டமும் ஆசிரியர் சம்பள அட்டவணையும் ஒன்றுதான். எண் ஏறி இறங்குவதற்குப் பெரிய காரணம் வீட்டில் இருக்கிறது: அப்பா அம்மா என்ன படித்தவர்கள், சாயங்காலம் குமோன் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர், அமெரிக்காவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகள் எத்தனை பேர்.

வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பணம் பெரிய வித்தியாசம். பெற்றோர் தாராளமாகக் கொடுக்கிற இடத்தில் ஆர்ட் டீச்சர், மியூசிக், சயின்ஸ் லேப் உதவியாள் எல்லாம் வருகிறார்கள். இன்னோரிடத்தில் அதே பி.டி.ஏ. கேக், பிஸ்கட் விற்று ஃபீல்டு ட்ரிப் பஸ்ஸுக்குக் காசு சேர்க்கும். பிரின்சிபால் மாறினாலும் பள்ளியின் முகம் மாறிவிடும். ரேட்டிங் அதைக் காட்டுவதற்குள் பிள்ளை இரண்டு வகுப்பு தாண்டிவிடும்.

ஸ்கூல் டூர் போனபோது நான் ஒன்றாம் வகுப்புச் சுவரைத்தான் பார்த்தேன். ஒரு பள்ளியில் வரிசையாக ஒரே பென்குயின், எல்லாம் ஒரே மாதிரி வண்ணம் தீட்டி, கச்சிதமாக ஒட்டியிருந்தார்கள். இன்னொன்றில் பிள்ளைகள் சொந்தமாக எழுதிய வாக்கியங்கள். 'பிகாஸ்' என்ற வார்த்தையை ஆளுக்கொரு விதமாகத் தப்பாக எழுதியிருந்தார்கள். ஒரு குழந்தை, தன் பாட்டிக்கு ஏன் பல் இல்லை என்று அரைப் பக்கம் எழுதியிருந்தது. நாங்கள் சேர்த்தது அந்தப் பள்ளியில்தான். ரேட்டிங் குறைவானதும் அதுதான்.

வார்ம் ஸ்பிரிங்ஸ் அப்பா:
நல்லா சொன்னீங்க சிஸ்டர். வீடு பார்க்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு பள்ளியின் எல்லைக்குள் வீடு எடுத்தாலும் அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தே தீரும் என்பதில்லை. வகுப்பு நிரம்பிவிட்டால் மாவட்டத்திலேயே இடமுள்ள வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். 'ஓவர்லோட்' என்பது அதுதான். நாங்கள் கோடையில் ஊர் மாறி வந்ததால் என் பெண் ஓவர்லோட் ஆனாள். என் மனைவி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. கிடைத்த பள்ளியில் வகுப்பு சின்னது, டீச்சர் தங்கம். பிறகு எங்கள் ஏரியா பள்ளியில் இடம் காலியானது என்று போன் வந்தபோது, பெண்ணே போக மாட்டேன் என்றுவிட்டாள். காலையில் காரில் கொண்டுபோய் விடுவது மட்டும் இன்னும் தொல்லைதான்.

இந்த ஆகஸ்டில் சேர்க்கிறவர்கள் பதிவு திறந்த உடனே போடுங்கள். வாடகை ஒப்பந்தம், பி.ஜி. அண்ட் ஈ. கரெண்ட் பில், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். கிண்டருக்கு செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும். நாலு வயது என்றால் டி.கே., அதாவது கிண்டருக்கு முந்தைய வகுப்பு.

இரட்டையர் அம்மா:
பதிவுப் படிவத்தில் வீட்டுமொழி பற்றி ஒரு பகுதி வரும், குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது என்பது போல. "தமிழ் என்று எழுதிடாதீங்க, பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள்" என்று எங்கள் அபார்ட்மெண்டில் பார்த்தவர்கள் எல்லாம் பயமுறுத்தினார்கள். நான் தமிழ் என்றே எழுதினேன். வீட்டில் பேசுவது தமிழ், இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

எழுதினால் நடப்பது இதுதான். பள்ளி திறந்த 30 நாளுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைக்கிறார்கள். கிண்டர் பிள்ளைக்கு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து படம் காட்டிக் கேட்பார். என் இரண்டு பேரில் மூத்தவன் வாயாடி, படத்தில் இல்லாத நாய்க்கும் சேர்த்துக் கதை சொல்லி முதல் தடவையிலேயே தேறிவிட்டான். சின்னவன் தெரியாதவர்களிடம் வாய் திறக்க மாட்டான். அவனை ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் சேர்த்தார்கள். நானும் கொஞ்சம் கலங்கினேன். ஆனால் வகுப்பு மாற்றவில்லை. அதே டீச்சர்தான், தினமும் கொஞ்ச நேரம் சின்னக் குழுவாக உட்கார்த்திப் பேசப் பழக்கினார். வருடா வருடம் வசந்தத்தில் மறுபடி தேர்வு வரும், அதில் தேறி, டீச்சர் கருத்து போன்ற மற்ற அளவுகோல்களும் சரியாக இருந்தால் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். அவனுக்கு அந்தக் குழு நேரம்தான் ரொம்பப் பிடித்தது. இன்னும் ஒரு வருடம் வைத்திருக்கக்கூடாதா என்று எனக்கே தோன்றியது.

பள்ளிகளை ஒப்பிடும்போது அதனால்தான் நான் மாநிலத்தின் ஸ்கூல் டாஷ்போர்டு இணையதளத்தைப் பார்க்கிறேன். சிவப்பிலிருந்து நீலம் வரை நிறம் போட்டிருக்கும். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள், அடிக்கடி லீவு போடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் தனித்தனியாக இருக்கும். ஒற்றை எண்ணைவிட அது பரவாயில்லை.

பேச்சு தாமதமான பையனின் அப்பா:
சிறப்புக் கல்வி தேவைப்படுகிற பிள்ளை என்றால் கணக்கே வேறு. தனி வகுப்புகள் எல்லாப் பள்ளியிலும் இருக்காது, சில இடங்களில்தான். வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பீடு செய்ய வேண்டும் என்று பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். எழுதிக் கொடுத்தால் 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டம் தர வேண்டும், அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளில், பிள்ளைக்கான உதவிகளை முடிவுசெய்யும் கூட்டம் நடத்த வேண்டும். நீண்ட விடுமுறை நாட்கள் இதில் சேராது.

நாலாம் வகுப்பு அம்மா:
ரொம்ப உபயோகமான தகவல் அண்ணா. தனிச்செய்தியில் சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022-லிருந்து மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் காலை, மதியம் இரண்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், எந்தப் பள்ளியாக இருந்தாலும். என் பையன் பீட்சா நாளில் மட்டும் சாப்பிடுவான். மற்ற நாளில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுக்கிறேன்.