பயோஃபில்முக்கு ஒரு சொல் வேணும் (அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் பாடநூல் மொழிபெயர்ப்பு, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். கதீட்டர் (உடம்புக்குள்ள விடற குழாய்), செயற்கை மூட்டு, பல்லுன்னு எதுமேலயாவது பாக்டீரியா ஒட்டி, தானே ஒரு பிசுபிசுப்பைச் சுரந்து அதுக்குள்ள கூட்டமா குடியேறிடுதே, அதுக்கு 'உயிர்ப்படலம்'னு போட்டிருக்கேன். சரியா?

> உயிர்ப்படலம்

உயிருள்ள படலம்னா விழிப்படலமும்தான் உயிருள்ளது! படலம் வடசொல்னு ஒரு கட்சி இருக்கு, நான் ஒத்துக்க மாட்டேன், படர், படல், படலைன்னு வரிசையா வருது பாருங்க, கம்பர் வேற நாட்டுப் படலம் ஆற்றுப் படலம்னு... சரி அது தனி இழை. என் ஓட்டு 'பாசி'க்கு. குறுந்தொகையில பரணர் பசலையை, அதாவது காதலன் பிரிஞ்சா காதலி மேல படர்ற வெளிறலை, கேணிப் பாசியோட ஒப்பிடற இடம், தொட்டா விலகும், விட்டா பரவும், இதைவிட என்ன வேணும்?

ஐயா, பாசி எப்பவோ ஆல்காவுக்குப் போயாச்சு, பசங்க கதீட்டர்ல பச்சையா எதையாவது தேடுவாங்க. அதோட பரணர் பாசி கை பட்டதும் விலகுது, இது விலகாதே. நுண்ணோக்கியில பாக்டீரியாவை முதல்ல பார்த்த லீவன்ஹோக் 1680கள்லயே பல் அழுக்கைச் சுரண்டிப் பார்த்துட்டு, வினிகர்ல கொப்பளிச்சா வெளிப்பக்கம் இருக்கறது மட்டும்தான் சாகுதுன்னு எழுதிட்டார். தேய்ச்சுத்தான் எடுக்கணும். மீன்மேல இருக்குமே 'வழும்பு', அது எப்படி?

வழும்புன்னா வெறும் வழவழப்புதானே, உள்ள இருக்கற கூட்டம் எங்க போச்சு? வார்டுல நாங்க "குழாய்ல கிருமி படிஞ்சிருக்கு, மருந்து முழுசா எட்டல, கழட்டி மாத்தணும்"னுதான் சொல்றோம், எல்லாருக்கும் புரியுது. 'கிருமிப் படிவு'ன்னே வைங்களேன்.

கிருமி தமிழா டாக்டர்? படிவுன்னா அசையாம கிடக்கற மண்டி. இது வளருது, பிய்ஞ்சு ரத்தத்துல கலந்து வேற இடத்துலயும் போய் ஒட்டுது. அடியில சில செல்லுங்க தூங்கிக்கிட்டே ஆன்டிபயாடிக்கைத் தாண்டிடுது, மருந்தை நிறுத்தினதும் திரும்ப காய்ச்சல். அதைப் போய் படிவுங்கறதா?

'பாக்டீரியப் படலம்'னு மட்டும் யாரும் ஆரம்பிச்சுடாதீங்க, கேண்டிடா பூஞ்சையும் இதே வேலையைத்தான் செய்யுது. 'நுண்ணுயிர்ப் படலம்' போதும், வேலையைப் பாருங்க.

+1. அழகில்ல, ஆனா புரியுது.

நன்றி, நுண்ணுயிர்ப் படலம்னே அனுப்பறேன், முதல் தடவை வர்ற இடத்துல பக்கத்துல பயோஃபில்ம்னும் இருக்கும். பதிப்பாசிரியர் நடுவுல 'ப்' வேணாங்கறார்.

மிகும்! விட்டுடாதீங்க. பாசியை அடிக்குறிப்புலயாவது சேருங்க.