[சொல்லாக்கம்] கருவி வேடம் போடும் ரோபோ பொம்மைக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.
பழைய ஜப்பானிய ரோபோ பொம்மைகளுக்கான விளக்கச் சீட்டு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1983இல் ஜப்பானின் டக்காரா நிறுவனம் வெளியிட்ட 'மைக்ரோ சேஞ்ச்' வரிசையில் சில, மறு ஆண்டே அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பொம்மைகள் ஆயின. காராக மாறுபவை சிறிய அளவில் இருக்கும். கருவியாக மாறும் இவையோ உண்மைப் பொருளின் அளவிலேயே இருப்பவை. 'சவுண்ட்வேவ்' என்ற ரோபோவை மடக்கினால் டேப் ரெக்கார்டர். பாடாது, ஆனால் பொத்தானை அழுத்தினால் மூடி திறக்கும். உள்ளிருக்கும் கேசட்டை விரித்தால் பறவை. நான் 'உருமாற்றி' என்று போட்டிருக்கிறேன்.
ந.

> 'உருமாற்றி'

அது பிறவினை, ஐயா. இன்னொன்றை மாற்றுவதே மாற்றி. தெருமுனை மின்மாற்றி போல. இங்கே மாறுவது பொம்மை, ஆகவே 'உருமாறி'.
செ.

தானாகவா மாறுகிறது? குழந்தையின் விரல்தானே மாற்றுகிறது! தன்வினையும் பொருந்தாது. நன்னூலார் சொல்லும் மூன்று விகாரங்களில் இது திரிதல்: பொன்+குடம் பொற்குடமானால் குடம் தொலைந்துவிடவில்லை. எனவே 'திரிபாவை'. பொம்மை என்பதே தெலுங்கு 'பொம்ம'. 1020ஆம் குறளில் மரப்பாவை நாணால் (கயிற்றால்) 'உயிர்மருட்டி' நிற்கிறதே! உயிர் போல் மருட்டுவது அங்கே. கருவி போல் மருட்டுவது இங்கே. 'கருவிமருட்டி' என்றாலும் தகும்.
த.

குறளில் வரும் 'மருட்டி' வினையெச்சம், பெயர் அன்று. அதோடு 'திரிபாவை' என்றால் கடைக்காரர் திரி போட்ட பட்டாசைக் காட்டுவார்.
செ.

இலக்கணம் கிடக்கட்டும். சீட்டின் 3ஆம் வரியில் 'மின்கல அறை' என்றிருக்கிறது. வாங்குபவர் உண்மையான பென் பேட்டரியைத் திணிப்பார். சவுண்ட்வேவின் முதுகில் உள்ள அந்த அறை, மின்கல வடிவில் செய்த ஆயுதங்கள் இரண்டை வைப்பதற்கு. மின்சுற்றே கிடையாது. 'பொய்மின்கலம்' என்று எழுதுங்கள். இன்னொன்று: 'கையை மடக்கு' என்றால் எந்தப் பக்கம்? மூட்டு ஓடாத திசையில் அழுத்தினால் பிளாஸ்டிக் முதலில் வெளுக்கும், பிறகு ஊசித்துளை ஓரம் பிளக்கும். படத்தில் அம்புக்குறி இல்லாவிட்டால் வரியில் திசை வேண்டும்.
மு.

'பொய்' பிடித்திருக்கிறது. பொய்க்கால் குதிரைக்குக் கால் உண்டு, ஓட்டமும் உண்டு, குதிரைதான் இல்லை. வால்தர் பி38 துப்பாக்கியாக மாறும் மெகட்ரானும் அந்த வகை. பொம்மைத் துப்பாக்கி நுனியில் ஆரஞ்சு அடையாளம் வேண்டும் என்று அமெரிக்கா 1988இல் சட்டம் போட்டது. பொருளே 'நான் பொய்' என்று சொல்ல வேண்டியிருக்கும்போது பெயரும் சொல்லட்டும்: 'பொய்க்கருவிப் பாவை'.
கா.

பொய்க்கருவி என்றால் போலிச் சரக்கு என்று படுமே, அம்மா! கேமராவாக மாறும் ரிஃப்ளெக்டர் வேறு இருக்கிறது: மூன்று ரோபோக்கள் சேர்ந்தால்தான் ஒரு கேமரா. அதில் எது பாவை, எது கருவி?
செ.

மூன்றும் உறுப்பு, கேமரா தொகைநிலை. அன்மொழித்தொகையாகக் கொள்ளலாமா என்று
த.

நாளை காலைக்குள் முடிக்க வேண்டும். தலைப்பு 'உருமாறி பொம்மை'; கீழே சிறிய எழுத்தில் 'டேப் ரெக்கார்டராகவும் வைத்து விளையாடலாம், பாடாது'. 'பொய்மின்கலம்' சேர்த்தாயிற்று, திசைகளும். நால்வர் இசைவு.
ந.

'உருமாறிப் பொம்மை'. ஒற்று மிகும். என் இசைவு இல்லை என்பதையும் குறித்துக்கொள்க.
த.